அரிக்கமேட்டில் ஒலிவ எண்ணெய்: ஊர்ப்பெயர் தாங்கிய ஒரு பண்டத்தின் வரலாறு

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடமேற்கே ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இரும்பை என்னும் சிற்றூர் இருக்கிறது. தேவார வைப்புமுறை அறிந்தோர் இதனை ‘இரும்பை மாகாளம்’ எனக் குறிப்பர். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற ஊர் இது. செம்மண் மேட்டில் அமைந்த இவ்வூருக்கு வடக்கே கழுவேலி நீர்நிலையும், அதற்கும் அப்பால் மரக்காணத்து உப்பளங்களும் விரிகின்றன. தெற்கே, புதுச்சேரி நகரையும் கடந்து, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த ‘எரித்திரையக் கடற் பயண நூல்’ இக்கரையில் அடுத்தடுத்து மூன்று துறைகளைச் சொல்கிறது: கமரா, பொதுகே, சோபட்மா. பொதுகே என்பது புதுச்சேரி வட்டாரத்தைச் சேர்ந்த அரிக்கமேடு என்பதும், சோபட்மா என்பது மரக்காணம் என்பதும் ஆய்வாளர் பலரின் கருத்து. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் நகராக வரும் எயிற்பட்டினத்தையும் மரக்காணத்தோடு பொருத்துவர். ஆகவே இரும்பை, உலகறிந்த இரு பழந்துறைகளுக்கு இடைப்பட்ட ஊராகும். இக்கரையில் வந்திறங்கிய பண்டங்களுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அது முத்தன்று, பொன்னன்று, குதிரையுமன்று. அது ஒலிவ எண்ணெய்.

இவ்வாய்வில் என்னைத் தூண்டியவர் என் மாணவர் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இறைவனின் ஒளிக்கு உவமையாக, மாடத்தில் உள்ள விளக்கையும் அதற்கு ஊற்றப்படும் ஜைத்தூன் எண்ணெயையும் கூறும் வசனம் அது. மரக்காணத்துப் பக்கத்திலிருந்து வந்த அம்மாணவர் மறுநாள் ஒரு கண்ணாடிக் குப்பியை வகுப்புக்குக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய மாமா அனுப்பியது. “ஹஜ்ரத், இதில் ஓர் ஊர்ப்பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே வட்டமாக முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். எண்ணெய்க்கு ஊர் எதற்கு?” என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. முழுவிடையைத் தேடப் புகுந்தபோது, அது என்னை மத்தியதரைக் கடல் வரை கொண்டுசென்று, மீண்டும் அவருடைய ஊர்க் கரையிலேயே சேர்த்துவிட்டது.

சாடிகள் கூறும் செய்தி

அரிக்கமேட்டின் தொன்மையை உலகுக்கு முதலில் உணர்த்தியவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய். 1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்டிமர் வீலர் அங்கு முறைப்படி அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் பணியைத் தொடர்ந்தனர். இத்தாலி நாட்டு மெருகிட்ட செந்நிறக் கலங்களும், இருபுறமும் கைப்பிடி வைத்த நெடிய சாடிகளின் உடைசல்களும் அங்கே கிடைத்தன. இச்சாடிகளுக்கு ‘ஆம்போரா’ என்று பெயர். இவை எல்லாமே மது கொண்டுவந்த சாடிகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. யவனர் கொணர்ந்த தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுவதும் அக்கருத்துக்கு வலுச் சேர்த்தது.

எலிசபெத் லைடிங் வில் என்னும் அமெரிக்கப் பேராசிரியை வாழ்நாள் முழுவதையும் ஆம்போரா ஆய்வுக்கே அளித்தவர். அரிக்கமேட்டு உடைசல்களின் வடிவத்தையும் களிமண்ணையும் ஆராய்ந்து 1991இலும் 1996இலும் அவர் வெளியிட்ட முடிவுகள் பழைய கருத்தைத் திருத்தின. பெரும்பகுதி மதுச் சாடிகளே. அவற்றுள்ளும் கிரேக்கத்துக் கோஸ் தீவின் சாடிகளே மிகுதி. ஆயினும் சில உடைசல்கள் ஒலிவ எண்ணெய் கொண்டுவந்தவை. சில, மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் ‘காரும்’ என்னும் சாற்றைக் கொண்டுவந்தவை. எண்ணெய்ச் சாடிகளுள் அத்ரியாத்திக் கடலின் தலைப்பகுதியிலுள்ள இஸ்திரியா நாட்டைச் சேர்ந்தவை இருந்தன என்பது அவர் கண்ட முடிவுகளுள் முதன்மையானது.

மதுச் சாடியையும் எண்ணெய்ச் சாடியையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. மது கசியாமலிருக்கச் சாடியின் உட்புறத்தில் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசுவர். எண்ணெய் அப்பிசினைக் கரைத்துத் தன் சுவையைக் கெடுத்துக்கொள்ளும். ஆதலால் எண்ணெய்ச் சாடிக்கு அப்பூச்சு பெரும்பாலும் இராது. இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்த ஓர் ஓட்டின் உட்புறம், தான் எதைச் சுமந்தது என்று இன்றும் சாட்சி சொல்லவல்லதாயிருக்கிறது.

இவ்வெண்ணெயை யார் உண்டனர்? தமிழர் உண்டனர் என்று கொள்ளச் சான்று இல்லை. மேற்சொன்ன கடற்பயண நூல், செங்கடல் துறையாகிய அதூலிசுக்குச் சிறிதளவு ஒலிவ எண்ணெய் சென்றதைக் கூறுகிறது. முசிறிக்குச் சென்ற பண்டங்களின் பட்டியலில் எண்ணெயைச் சேர்க்கவில்லை. ஆனால் கப்பலோட்டிகளின் உணவுக்காகக் கோதுமை கொண்டுவரப்பட்டதை அங்குக் குறிப்பிடுகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அரிக்கமேட்டு எண்ணெய் இங்குத் தங்கியிருந்த மத்தியதரைக் கடல் வணிகர்களுக்கும் மாலுமிகளுக்குமே வந்தது என்று கருதுவது பொருந்தும். அதே நூல் இந்தியாவின் மேலைக் கரையிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கு நல்லெண்ணெய் சென்றதையும் சொல்கிறது. எள்ளின் நெய் மேற்கே போக, ஒலிவத்தின் நெய் கிழக்கே வந்தது. தத்தம் தாயகத்துச் சுவையை மறக்கவியலாத மனிதரே இரு திசையிலும் பயணம் செய்தனர்.

இஸ்திரியாவின் பெயர்

இஸ்திரியா ஒரு தீபகற்பம். உரோமர் காலத்தில் போலா, பரெந்தியம் என்பன அதன் முதன்மை நகரங்கள். இன்று அவை புலா, போரெச் என வழங்குகின்றன. கடலோரத்து ஃபஜானாவில் லேகானியுஸ் என்னும் செல்வக் குடும்பத்தார் பெருஞ்சூளை ஒன்றை நடத்தினர். அங்குச் சுட்ட எண்ணெய்ச் சாடிகளில் அக்குடும்பத்தின் பெயரே முத்திரையாகப் பொறிக்கப்பட்டது. பிற்காலத்தில் அச்சூளை பேரரசரின் உடைமையாயிற்று. அப்போது சாடிகளில் பேரரசரின் பெயர் ஏறியது.

அன்றே எண்ணெயை ஊரால் தரம் பிரிக்கும் வழக்கம் இருந்தது. முதல் நூற்றாண்டு அறிஞர் பிளினி, இத்தாலியின் வெனாஃப்ரம் எண்ணெய்க்கு முதலிடம் தந்து, அடுத்த இடத்துக்கு இஸ்திரியாவும் ஸ்பெயினின் பைத்திக்கா நாடும் சமமாகப் போட்டியிடுவதாக எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பயணி பௌசானியஸ், தம் நாட்டுத் தித்தோரியா எண்ணெயை உயர்த்திப் பேசும்போது, அது ஐபீரிய எண்ணெயையும் இஸ்திரிய எண்ணெயையும் நிறத்தாலும் இனிமையாலும் விஞ்சுவதாகக் கூறினார். அவர் இஸ்திரியாவை ஒரு தீவு என்று பிழையாக எழுதியிருப்பது சுவையான செய்தி. நாட்டின் நிலவியலை அறியாதவரும் அந்நாட்டு எண்ணெயின் பெயரை அறிந்திருந்தார். இந்தியா ஆண்டுதோறும் உரோமப் பேரரசிலிருந்து ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ஈர்த்துக்கொள்வதாக முறையிட்டவரும் மேற்சொன்ன பிளினியே. அந்நாணயங்களோடு கூடவே சில சாடி எண்ணெயும் இக்கரைக்கு வந்தது என்பது அவருக்குப் பெரிதாகப் பட்டிராது.

இஸ்திரியாவின் கொடிகள் பலமுறை மாறின. வெனிஸ், ஆஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா என ஆட்சிகள் வந்துபோயின. 1991இல் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் தனி நாடுகளாயின. தீபகற்பத்தின் பெரும்பகுதி குரோஷியாவிலும், வடபகுதி ஸ்லோவேனியாவிலும், ஒரு சிறு துண்டு இத்தாலியிலும் அமைந்தன. 1929, 1956, 1985 ஆகிய ஆண்டுகளின் கடுங்குளிர் அப்பகுதியின் ஒலிவ மரங்களைப் பெருமளவில் அழித்தது. குளிரைத் தாங்கும் ‘பேலித்சா’ என்னும் வெண்ணிற வகையை உழவர்கள் மீண்டும் நட்டனர். காரமும் கசப்பும் மிகுந்த அந்த எண்ணெய்க்கு, ஸ்லோவேனிய இஸ்திரியாவின் பெயரால் 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்புக் கிடைத்தது. பின்னர் இரு நாடுகளும் கூட்டாக விண்ணப்பித்து, ‘இஸ்த்ரா’ என்னும் ஒரே பெயரை 2019இல் பதிவு செய்தன. தெரான் என்னும் மதுவின் பெயருக்காக வழக்காடிக்கொண்ட அதே இரு நாடுகள், எண்ணெயின் பெயரில் ஒன்றுபட்டன. பிளினி போற்றிய பெயர் அரசியல் எல்லையைக் கடந்து மீண்டும் குப்பியில் ஏறியது.

எண்ணெய் என்னும் சொல்

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ளோர்க்கு இங்கே ஓர் ஒப்புமை புலப்படும். அரபியில் ‘ஜைத்’ என்னும் சொல், ‘ஜைத்தூன்’ மரத்தோடு பிறந்தது. இன்று எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராய், பெட்ரோலிய எண்ணெய்க்கும்கூட வழங்குகிறது. ஆங்கிலத்து ‘ஆயில்’ என்னும் சொல்லும் இலத்தீன் வழியே ஒலிவத்திலிருந்தே வந்தது. தமிழில் எள் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. பிறகு தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் என எல்லாவற்றுக்கும் அதுவே பொதுவாயிற்று. ஒவ்வொரு மக்களும் தம் அடுப்பங்கரையில் முதலில் இருந்த ஒரு வித்தின் பெயரையே உலகத்து எண்ணெய்களுக்கெல்லாம் இட்டனர். நாம் ‘ஒலிவ எண்ணெய்’ என்று சொல்லும்போது, ஒலிவத்தின் எள்நெய் என்றே சொல்கிறோம். இரு கடல்களின் உணவு மரபுகள் ஒரே சொல்லில் சந்திக்கின்றன.

ஸ்பானிய மொழியின் நிலை இன்னும் வியப்பானது. மரத்துக்கு அங்கே ‘ஒலிவோ’ என்னும் இலத்தீன் பெயர் உண்டு. ஆனால் காய்க்கு ‘அசெய்துனா’, எண்ணெய்க்கு ‘அசெய்தெ’, எண்ணெய் ஆலைக்கு ‘அல்மசாரா’ என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இவை முறையே அஜ்ஜைத்தூனா, அஜ்ஜைத், அல்மஃஸரா என்னும் அரபிச் சொற்களே. மரத்தை உரோமர் விட்டுச் சென்றனர். பறித்தல், பிழிதல், சமைத்தல் ஆகியவற்றின் மொழியை முஸ்லிம்கள் விட்டுச் சென்றனர்.

பைத்திக்காவிலிருந்து அந்தலுஸ் வரை

உரோம் நகரில் ‘மோந்தே தெஸ்தாச்சோ’ என்னும் குன்று இருக்கிறது. ஏறக்குறைய 35 மீட்டர் உயரமுள்ள அக்குன்று கல்லாலோ மண்ணாலோ ஆனதன்று. உடைத்துக் குவிக்கப்பட்ட எண்ணெய்ச் சாடிகளால் ஆனது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட சாடிகள் அங்குக் கிடப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் மிகப்பெரும்பாலானவை பைத்திக்காவிலிருந்து, அதாவது பிற்காலத்தில் முஸ்லிம்கள் வாதில் கபீர் என்றழைத்த குவாதல்கிவீர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை. ஒரு சாடியில் ஏறத்தாழ 70 கிலோ எண்ணெய் அடங்கும். வெறுஞ்சாடியின் எடை, எண்ணெயின் எடை, வணிகரின் பெயர், சோதித்த அலுவலரின் குறிப்பு, வரிவட்டாரத்தின் பெயர் ஆகியவை சாடிகளின் மேல் மையால் எழுதப்பட்டிருந்தன. ஹைன்ரிக் டிரெஸ்ஸல் என்னும் ஜெர்மானியர் 1872இல் இவ்வெழுத்துகளை ஆராயத் தொடங்கினார். இன்றைய குப்பியின் சீட்டில் உள்ளவற்றில் பெரும்பகுதி அன்றே சாடியில் இருந்தது.

அந்தலுஸில் முஸ்லிம் ஆட்சி அமைந்தபின் இஷ்பீலியா நகருக்கு மேற்கேயுள்ள ‘அஷ்ஷரஃப்’ மேட்டுநிலம் எண்ணெய்க்குப் பேர்போனது. இன்றும் அது ‘அல்ஹராஃபே’ என்றே வழங்குகிறது. கி.பி. 1154இல் சிசிலி மன்னர் ரோஜருக்காகத் தம் புவியியல் நூலை முடித்த அல்இத்ரீஸீ, நாற்பது மைல் தொலைவை ஒலிவ, அத்தி மரங்களின் நிழலிலேயே நடந்து கடக்கலாம் என்ற கருத்தில் அந்நிலத்தை வருணிக்கிறார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் பெரும் வேளாண் நூலை எழுதினார். முன்னோர் நூல்களைத் தொகுத்ததோடு, தாம் நட்டுப் பார்த்த அனுபவத்தையும் அதில் சேர்த்தார். 1802இல் அது ஸ்பானிய மொழிபெயர்ப்போடு மத்ரீத் நகரில் அச்சேறியது. இன்று ஸ்பெயினில் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற எண்ணெய்களுள் பாயெனா, பிரியேகோ தே கொர்தோபா, சியெர்ரா தே செகூரா என்பன அந்தப் பழைய அந்தலுஸ் நிலத்தைச் சேர்ந்தவையே. கிழக்கே துனீசியாவின் ஸஃபாக்கிஸ் நகர எண்ணெய் எகிப்துக்கும் சிசிலிக்கும் சென்றதை 11ஆம் நூற்றாண்டில் அல்பக்ரீ பதிவு செய்துள்ளார்.

ஊர்ப்பெயரும் ஃபிக்ஹு நூல்களும்

ஊர்ப்பெயரால் தரம் குறிப்பது ஐரோப்பியச் சட்டத்தின் புதுமை என்று எண்ணுவோர், நம் மதரஸாக்களில் நாள்தோறும் ஓதப்படும் நூல்களையே சற்று உற்றுநோக்கலாம். விலையை முன்னதாகக் கொடுத்துப் பொருளைப் பின்னால் பெறும் ‘ஸலம்’ ஒப்பந்தத்தில், பொருளின் இயல்பை ஐயமறக் கூற வேண்டும். இமாம் நவவீ (ரஹ்) (மறைவு ஹி. 676 / கி.பி. 1277) தம் ‘மின்ஹாஜ்’ நூலில், பேரீச்சம்பழத்துக்கு ஸலம் செய்வோர் அதன் நிறம், வகை, ஊர், மணியின் பருமை சிறுமை, பழையதா புதியதா என்பவற்றைச் சொல்ல வேண்டும் என விதிக்கிறார். ஊர் மாறினால் பொருளின் பண்பும் விலையும் மாறும் என்பதை ஃபிக்ஹு அறிஞர் அறிந்திருந்தனர்.

அவ்வறிஞரின் கூர்மை இதனோடு நிற்கவில்லை. ஒரு சிற்றூரின் பழத்துக்கென்று மட்டும் ஸலம் செய்தால் அது செல்லாது. பேரூரின் பழத்துக்குச் செய்தால் செல்லும் என்பதே வலுவான கருத்து என்று அதே நூல் கூறுகிறது. சிற்றூரின் விளைச்சல் ஒரு புயலில் முற்றும் அழிந்துபோகலாம். பிறகு விற்றவர் எதைக் கொடுப்பார்? ஒன்று, இல்லை என்பார். அல்லது வேற்றூர்ப் பழத்தை இவ்வூர்ப் பெயரால் கொடுப்பார். பெயர் பொய்யாகிப்போகும் வாய்ப்பை முன்கூட்டியே அடைப்பதும் இவ்விதியின் பயன் எனலாம். 1985இன் குளிரில் மரங்களை இழந்த இஸ்திரியச் சிற்றூர்களை நினைத்தால், இவ்விதியின் நடைமுறை அறிவு நன்கு விளங்கும்.

சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கு வழிகாட்டும் ‘ஹிஸ்பா’ நூல்களும் எண்ணெயை விட்டுவைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய நூல், ஒலிவ எண்ணெய் கிராக்கியாகும் காலத்தில் குசும்பா விதை எண்ணெயை அதில் கலப்பார் உண்டு என எச்சரிக்கிறது; நெருப்பில் காட்டினால் மூச்சுத் திணறும்படி புகை எழும் என்று சோதனைமுறையையும் சொல்கிறது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே பரப்பிவைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. இத்தகைய நூல்களெல்லாம் அந்நிகழ்ச்சியின் விரிவுரைகள் எனலாம்.

பெயர் ஏமாற்றிய ஊர்

பெயரை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு இப்னு பதூதா சான்று தருகிறார். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் மஅபர் கரைக்கு வந்து மதுரையையும் கண்ட அவர், பின்னர்ச் சீனத்தின் பெருந்துறையாகிய ‘ஜைத்தூன்’ நகரை அடைந்தார். பெயர் ஜைத்தூனாக இருந்தும் அங்கு ஜைத்தூன் மரமே இல்லை. சீனத்திலும் இந்தியாவிலும் எங்குமே இல்லை என்று அவர் எழுதுகிறார். இன்று குவான்சோ எனப்படும் அந்நகரைச் சுற்றி முள்முருக்கு மரங்கள் நடப்பட்டிருந்தன. அம்மரத்தின் சீனப் பெயராகிய ‘சிதோங்’ அரபு வணிகரின் நாவில் ஜைத்தூன் ஆகிவிட்டது. நம் வேலியோரத்தில் நிற்கும் கல்யாண முருங்கையே அங்கு ஒலிவமாக வேடமிட்டது! கி.பி. 1281இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று அந்நகரில் கிடைத்திருப்பதும், அரபு வணிகரும் தமிழ் வணிகரும் அங்கு ஒரே துறையில் வாழ்ந்ததும் குறிப்பிடத்தக்கன.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. அத்தீன் அத்தியாயத்தின் முதல் வசனத்திலுள்ள ஜைத்தூன் என்பது உண்ணும் கனியே என்போர் ஒருபுறமிருக்க, அது பைத்துல் முகத்தஸ் அமைந்த மலையைக் குறிக்கும் என்று கதாதா (ரஹ்) போன்றோர் கூறியுள்ளனர். ஒரு மரம் ஓர் ஊருக்கே பெயராகும் அளவுக்கு அம்மண்ணோடு ஒன்றிவிட்டது. அந்நிலத்தின் ஒலிவ மரங்களுக்கு இன்று நேர்ந்திருப்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பைத்துல் முகத்தஸுக்குத் தெற்கேயுள்ள பத்தீர் கிராமத்தின் ஒலிவப் படிநிலங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. ஒலிவ எண்ணெயில் செய்யும் நாப்லுஸ் சவர்க்காரத்தின் மரபு 2024இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பெயருக்குக் காப்பு கிடைத்தது; மரத்துக்கும் அதனைப் பறிக்கும் கைக்கும் காப்பு கிடைக்கவில்லை. உழவர் தம் தோப்புக்குப் போக இயலாத நிலத்தில், பெயர் மட்டும் பாதுகாக்கப்பட்டு என்ன பயன் என்னும் வினா நம்முன் நிற்கிறது.

இன்றைய சட்டம் சொல்வது

மாணவர் கேட்ட கேள்விக்கு இனி நேராக வரலாம். குப்பியின்மேல் இருந்தவை இரு வேறு உறுதிமொழிகள். ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்பது தரத்தைப் பற்றியது. காயை வேதிப்பொருள் சேர்க்காமல் பொறியால் மட்டுமே பிழிந்திருக்க வேண்டும். நூறு கிராம் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் 0.8 கிராமுக்கு மிகாதிருக்க வேண்டும். பயிற்சி பெற்ற சுவைஞர் குழு எக்குறையும் காணாதிருக்க வேண்டும். காயின் மணமும் இருக்க வேண்டும். வட்ட முத்திரை பிறப்பிடத்தைப் பற்றியது. ஐரோப்பாவில் 1992இல் தொடங்கிய இம்முறையின்படி, விளைவது, பிழிவது ஆகிய எல்லா நிலைகளும் குறித்த எல்லைக்குள்ளேயே நிகழ வேண்டும். அம்மண்ணாலும் அம்மக்களின் பழக்கத்தாலுமே அப்பண்பு வந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். முதல் உறுதிமொழி மட்டுமிருந்தால் எண்ணெய் நல்லதாயிருக்கும். எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. பல நாடுகளின் எண்ணெயைக் கலந்து ஒரு நாட்டில் அடைத்த குப்பிகளே கடைகளில் மிகுதி. இது குற்றமன்று, சீட்டில் உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் வாங்குவோர் பலரும், அடைத்த நாட்டையே விளைந்த நாடாகக் கருதிவிடுகின்றனர்.

ஜைத்தூன் என்ற சொல்லுக்காகவே எந்தக் குப்பியையும் வாங்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. ஒலிவ எண்ணெயை உண்ணவும் பூசவும் நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதாகத் திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் அறிவிப்புகள் வந்துள்ளன. அந்த மரியாதை போற்றத்தக்கதே. ஆயினும் பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெயும் அதே மரத்தின் படத்தோடு அதே அடுக்கில் நிற்கிறது. சீட்டைப் படிக்காமல் வாங்குவது, வேதத்தின் சொல்லை மதிப்பதாகாது. அச்சொல்லைக் கொண்டு பிறர் நம்மை ஏமாற்ற இடங்கொடுப்பதாகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அந்நூர் வசனம் அம்மரத்தைக் கிழக்குக்கோ மேற்குக்கோ உரியதாகக் கூறவில்லை. அப்படியிருக்க, ஒலிவத்தை ஓர் ஊருக்குள் அடைப்பது தகுமா? முஃபஸ்ஸிர்களின் விளக்கம் இதற்கு வழிகாட்டுகிறது. காலை வெயிலும் மாலை வெயிலும் தடையின்றிப் படும் திறந்த மேட்டில் நிற்கும் மரம் என்றும், அத்தகைய மரத்தின் எண்ணெயே தெளிவு மிக்கது என்றும் முன்னோர் பலர் பொருள் கூறினர். மரம் நிற்குமிடம் எண்ணெயின் தரத்தை முடிவு செய்யும் என்னும் உழவர் அறிவு அவ்விளக்கத்தில் உள்ளது. ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களோ, அது இவ்வுலகத்து மரமே அன்று. இவ்வுலகத்து மரமாயின் கிழக்குக்கோ மேற்குக்கோ உரியதாகவே இருக்கும் என்றார்கள். இரு விளக்கங்களும் ஓர் உண்மையில் இணைகின்றன: ஒளி எந்த ஊருக்கும் உடைமையன்று, ஆனால் இவ்வுலகில் விளையும் எண்ணெய் ஏதோ ஓர் ஊரில்தான் விளைந்தாக வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் விற்பவர் மெய் சொல்ல வேண்டும். சட்டம் காப்பது மண்ணின் பெருமையை மட்டுமன்று. அதனினும் மேலாக, விற்பவரின் வாய்ச்சொல்லை.

உப்பும் ஊரும்

நம் நாட்டிலும் இத்தகைய சட்டம் உண்டு. 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையிலேயே உள்ளது. காஞ்சிபுரம் பட்டு, 2019இல் பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எனப் பல பண்டங்கள் அதில் ஏறியுள்ளன. லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் பத்தமடைப் பாயும் அவற்றுள் ஒன்று. ஆனால் பதிவு என்பது தொடக்கமே. இஸ்திரியாவில் ஒவ்வோர் ஆண்டின் எண்ணெயும் சோதனைக்குப் பின்னரே முத்திரை பெறுகிறது. பத்தமடை என்ற பெயரில் வேறெங்கோ நெய்த பாய் விற்றால், அதைக் கண்டறிந்து தடுப்பவர் இருந்தால்தான் நெசவாளியின் கைக்குக் கூலி சேரும்.

இவற்றையெல்லாம் நான் சொல்லி முடித்தபின், அம்மாணவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்க வாப்பா முப்பது வருஷமா உப்பளத்துல வேலை பாக்குறாங்க ஹஜ்ரத். உப்பு வாங்குற யாரும் அது எந்த ஊர் உப்புன்னு கேட்டதே இல்லை” என்றார்.

அது குறைகூறலாக ஒலிக்கவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவே. மரக்காணத்தில் கோடை வெயிலில் பாத்தி கட்டி, கடல் கலந்த உவர்நீரைத் தேக்கி, விளைந்த உப்பை வாரிக் குவிக்கும் கைகளுக்கு வெயிலும் உவரும் தந்த தழும்புகள் உண்டு. மழை தொடங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். அங்கு விளைந்த உப்பு நம் சோற்றில் கலந்திருக்கலாம், நாம் அறியோம். அறிய வேண்டும் என்றும் நமக்குத் தோன்றியதில்லை. நெடுந்தொலைவுக்கு அப்பாலுள்ள எண்ணெயின் ஊரைக் கண்டு வியக்கும் நாம், பக்கத்து ஊர் உப்பின் ஊரைக் கேட்பதில்லை.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இஸ்திரியச் சூளையில் சாடி சுட்டவர் பலரின் பெயரை நாம் அறியோம். சூளையின் உடைமையாளர் பெயரே முத்திரையில் முதன்மையாக உள்ளது. ஊர்ப்பெயருக்குக் கிடைக்கும் காப்பு உடைமையாளரோடு நின்றுவிட்டால், அந்தப் பழைய கதையே தொடரும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு, பொருளின் ஊரைக் கேட்பது என்பது அவ்வூரின் உழைப்பாளியைக் கேட்பதாகவும் இருக்க வேண்டும். அரிக்கமேட்டு ஓடு, தான் சுமந்தது எது, வந்தது எங்கிருந்து என்பதை இன்றும் மறைக்காமல் சொல்கிறது. நாம் விற்பனவும் வாங்குவனவும் அவ்வாறே மெய் பேசுமாயின், அம்மாணவர் கேட்ட கேள்விக்கு நாம் முழுமையாக விடையளித்தவராவோம்.